நேற்றைய பாணும் ஒரு புடிங்கின் சரித்திரமும்

இலங்கைத் தமிழரின் நாவில் அது பாண். தமிழகத்தார் ரொட்டி என்பர். பிரெட் என்போரும் உளர். எங்கள் ஊர்களில் ரொட்டி என்பது தேங்காய்ப்பூச் சேர்த்துப் பிசைந்து, தட்டி, தாச்சியில் சுடுவது. ஆகையால் பாணை ரொட்டி என்று கேட்டால் கடைக்காரர் ஒரு கணம் யோசிப்பார். போர்த்துக்கேயர் இத்தீவை விட்டுப் போய் மூன்றரை நூற்றாண்டுகளுக்கு மேலாகிவிட்டன. அலுமாரி, கதிரை, மேசை, யன்னல், சப்பாத்து என்று அவர்கள் விட்டுச் சென்ற சொற்களோடு நாம் இன்றும் குடித்தனம் நடத்துகிறோம். பாண் அச்சொற்களுள் ஒன்று. மூக்கொலியோடு முடியும் 'பாவோ' என்ற அவர்களின் சொல்லே நம்மிடம் பாண் ஆயிற்று. பாண் சுடும் அடுப்பை நாம் போறணை என்கிறோம். போர்த்துக்கேயத்தில் அடுப்புக்கு 'ஃபோர்னோ' என்று பெயர். பாணை நிறுக்கும் றாத்தல், அரபிகளிடமிருந்து போர்த்துக்கேயர் எடுத்து உலகெங்கும் கொண்டுபோன அளவையின் பெயர். ஒரு துண்டுப் பாணைப் பற்றி வாய் திறந்தாலே இத்தனை கப்பல்கள் துறைக்கு வந்துவிடுகின்றன.

1505ஆம் ஆண்டையொட்டி அவர்கள் கொழும்புத் துறையில் வந்திறங்கியபோது கோட்டை மன்னனிடம் சொல்லப்பட்ட செய்தியை 'இராஜாவலிய' என்ற சிங்கள வரலாற்று நூல் பதிந்து வைத்திருக்கிறது. வந்திருப்போர் வெண்ணிறத்தார், இரும்புத் தொப்பியும் சப்பாத்தும் அணிந்தோர், ஓரிடத்தில் தரியாது உலாவுவோர், கல்லைத் தின்று இரத்தத்தைக் குடிப்போர் என்பது அதன் சாரம். இரத்தம் என்றது திராட்சை மதுவை. கல் என்றது பாணை. இதைப் பாமரரின் அறியாமை என்று சிரித்துவிட்டுப் போவது வழக்கம். எனக்கு அது சரியாகப் படவில்லை. மாதக் கணக்கில் கடலில் கிடந்த கப்பலின் பாண் வேறெப்படி இருந்திருக்கும்? மாலுமிகள் உண்டது இருமுறை சுட்டு ஈரத்தை முற்றாக வாங்கிய வறட்டுப் பாண்; சம்மட்டி கொண்டு உடைத்துச் சாறிலோ மதுவிலோ ஊறவைத்தே அதைத் தின்ன முடியும். கண்டதைக் கண்டபடி எழுதிய செய்தியாளன் என்றே அந்த ஒற்றனை நான் மதிக்கிறேன்.

பழைய பாணை எதிலாவது ஊறவைத்து உண்ணும் வழக்கம் அக்காலத்துக்கும் மிக முந்தியது. உரோமரின் சமையல் நூலாகிய அப்பீசியஸ் தொகுதியில் மேலோடு நீக்கிய வெண்பாணைப் பிய்த்துப் பாலில் தோய்த்து, எண்ணெயில் பொரித்து, மேலே தேன் ஊற்றும் பண்டமொன்று இருக்கிறது. பிரெஞ்சுக்காரர் இதன் வழிவந்த பண்டத்துக்கு 'தொலைந்துபோன பாண்' என்று பெயரிட்டனர். நாம் அதையே பொம்பே டோஸ்ற் என்கிறோம். ஐதராபாத்தில் பாணை நெய்யில் பொரித்துப் பாகிலும் பாலிலும் ஊறவைத்து 'டபிள் கா மீட்டா' செய்கின்றனர். மெக்சிகோவில் தவக்காலத்தில் கப்பிரொத்தாடா. கோதுமைப் பாண் உண்ணும் நாடு எதுவாயினும், நேற்றைய பாணை இன்றைய இனிப்பாக்கும் ஒரு வழியை அங்குள்ள பெண்கள் கண்டுபிடித்தே இருக்கின்றனர். நம்மவருக்கும் இது புதிய சிந்தனை அன்று. மிஞ்சிய சோற்றுக்குத் தண்ணீர் ஊற்றி மூடி வைத்து மறுநாள் வெங்காயத்தோடும் மோர் மிளகாயோடும் உண்ட சமூகம் இது. இடியப்பம் மிஞ்சினால் உதிர்த்துத் தாளித்தோம். பாண் மட்டும் வெளியூரான். அவனை என்ன செய்வது என்பதை வெளியூராரிடமே கற்க வேண்டியிருந்தது.

புடிங் என்ற சொல்லின் பழைய பொருள் இனிப்புக்கு வெகு தூரம். ஆட்டுக் குடலுக்குள் இரத்தமும் கொழுப்பும் தானியமும் திணித்து அவித்த பண்டமே இங்கிலாந்தில் முதலில் புடிங் எனப்பட்டது. 17ஆம் நூற்றாண்டில் குடலுக்குப் பதிலாகத் துணியில் கட்டி அவிக்கும் முறை பரவியது. விலங்கு அறுக்கும் நாளுக்காகக் காத்திராமல் எந்த நாளிலும் புடிங் செய்யலாம் என்ற நிலை வந்த பின்னரே மாவும் பாணும் பழவற்றலும் அதற்குள் தாராளமாக நுழைந்தன. பாண், பால், முட்டை, எலும்பு மச்சை ஆகியன சேர்த்துச் சுட்ட 'வைற்பொட்' என்ற பண்டத்தை இன்றைய பாண் புடிங்கின் மூதாதை எனலாம். 1720களின் பிற்பகுதியில் லண்டனில் வெளியான எலிசா ஸ்மித்தின் சமையல் நூலில் வெண்ணெய் பூசிய பாண் புடிங் செய்யும் முறை அச்சேறியது. 1747இல் வெளியான ஹன்னா கிளாஸின் புகழ்பெற்ற நூலிலும் பாண் புடிங் வகைகள் உண்டு.

எலிசா ஸ்மித்தின் குறிப்பை வாசிப்போர் ஒன்றைக் கவனிப்பர். அதில் வெண்ணெய் மட்டுமே ஒரு றாத்தல் போகிறது. பழவற்றல் வேறு. பெரிய வீட்டு அடுக்களைக்கு எழுதப்பட்ட குறிப்பு அது; ஏழையின் புடிங்கை எவரும் அக்காலத்தில் அச்சிடவில்லை. பாண் மிஞ்சியதால் புடிங் செய்தவரும் இருந்தனர், புடிங்குக்காகப் பாண் வாங்கியவரும் இருந்தனர். முன்னவரின் கதை புத்தகத்தில் இல்லை. பாணை ஊறவைத்துப் பிழிந்து, மாட்டுக் கொழுப்பும் வாசனைத் தூளும் சிறிது பழவற்றலும் சேர்த்துப் பிசைந்து, தட்டில் சுட்டுச் சதுரமாக வெட்டிக் கையிலெடுத்துத் தின்னும் கனத்த பாண் புடிங் ஒன்று இங்கிலாந்தின் தொழிலாளர் குடும்பங்களில் நெடுங்காலம் வழங்கியது. முட்டைப் பாலில் மிதக்கும் வெண்ணெய்ப் பாண் புடிங் வேறு, இது வேறு. இரண்டும் ஒரே பெயரில் கப்பலேறிக் கொழும்புக்கு வந்தன.

அந்நாட்டில் பாண் எவ்வளவு பெரிய அரசியற் பொருளாக இருந்தது என்பதை நம்மவர் பலர் அறியார். பாணின் நிறையையும் விலையையும் கட்டுப்படுத்தும் சட்டம் அங்கே 13ஆம் நூற்றாண்டிலேயே, 1266ஐ ஒட்டி, வந்துவிட்டது. நிறை குறைந்தால் தண்டனை என்று அஞ்சிய பேக்கரிக்காரர், டசின் கேட்போருக்குப் பதின்மூன்று கொடுத்த கதையும் அதிலிருந்தே வந்தது என்பர். லண்டனில் அச்சட்டம் 1822இலும் பிற இடங்களில் 1836இலுமே நீங்கியது. இன்னுமொரு சட்டம் அதைவிட விசித்திரமானது. நெப்போலியன் காலப் போரும் விளைச்சல் குறைவும் சேர்ந்து 1800ஐ ஒட்டிக் கோதுமை விலையை ஏற்றியபோது, சுட்டு 24 மணித்தியாலம் கழியாத பாணை விற்கக் கூடாது என்று பிரித்தானியப் பாராளுமன்றம் தடைசெய்தது. அதாவது பழைய பாணை மட்டுமே விற்கலாம் என்பது சட்டம். சூட்டோடு மணக்கும் பாண் கிடைத்தால் சனங்கள் தேவைக்கு மிஞ்சித் தின்றுவிடுவர் என்பது காரணம். முதலாம் உலகப் போரின்போது 1917இல் அதே கட்டளை மீண்டும் வந்தது. இம்முறை 12 மணித்தியாலம். இரண்டாம் போரில் உணவை வீணாக்குவதே 1940 முதல் குற்றமாயிற்று. பறவைகளுக்குப் பாண் போட அனுமதித்த குற்றத்துக்காக ஒரு பெண்மணிக்கு 1943 சனவரியில் 10 பவுண் தண்டம் விதிக்கப்பட்டது. போர் நடந்த காலமெல்லாம் பங்கீட்டுக்கு உட்படாதிருந்த பாண், போரில் வென்ற பின்னர் 1946 யூலை முதல் 1948 யூலை வரை பங்கீட்டுக்குள் வந்தது. வென்ற நாட்டவர் பாணுக்குக் கூப்பன் நீட்டினர். அந்த ஆண்டுகளில் வளர்ந்த ஆங்கிலேயர் ஒருவரிடம் பாண் புடிங் என்று சொல்லிப் பாருங்கள்; அவர் முகத்தில் வருவது இனிப்பின் நினைவு மட்டுமாக இராது.

பழைய பாண் ஏன் புடிங்குக்குச் சிறந்தது என்பதற்கும் ஒரு சரித்திரம் உண்டு. ஈரம் காய்ந்துபோவதால் பாண் இறுகுகிறது என்றே நெடுங்காலம் எல்லாரும் நம்பினர். பிரெஞ்சு இரசாயன அறிஞரான பூசிங்கோ 1852இல் இதைச் சோதித்தார். ஈரம் போகாதபடி வைத்தாலும் பாண் இறுகியது. இறுகிய பாணைச் சூடாக்கியபோது, அதில் மேலும் ஈரம் போன பின்னரும், அது மீண்டும் மென்மையாயிற்று. ஆகவே காரணம் காய்தல் அன்று. போறணைச் சூட்டில் நீரை வாங்கி ஊதிக் குலைந்த மாப்பொருள், ஆறியபின் மெல்ல மெல்ல மீண்டும் ஒழுங்குக்கு வந்து இறுகுகிறது என்பதைப் பின்வந்தோர் விளக்கினர். குளிரில் இந்த இறுக்கம் விரைவுபடும். மிஞ்சிய பாணைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைக்கும் நம் வீட்டார், அதைப் பூஞ்சணத்திலிருந்து காப்பாற்றி இறுக்கத்திடம் ஒப்படைக்கின்றனர். புடிங் செய்வோருக்கு அதனால் நட்டமில்லை. புதுப் பாண் பாலில் விழுந்ததும் கரைந்து கூழாகும். இறுகிய பாண் பாலைக் குடித்துக்கொண்டு தன் வடிவத்தைக் காத்து நிற்கும். பூஞ்சணம் பிடித்த பாண் மாத்திரம் எதற்கும் ஆகாது. கண்ணுக்குத் தெரியும் பச்சையை வெட்டிவிட்டால் போதும் என்பது பிழையான சிக்கனம்.

ஆங்கிலேயர் காலத்து இலங்கைக்கு வருவோம். இங்கே கோதுமை விளைவதில்லை. பாணுக்கு வேண்டிய மா முழுவதும் கடல் கடந்தே வர வேண்டும். கொழும்பு, கண்டி, காலி போன்ற நகரங்களிலும் மலைநாட்டுத் துரைமாரின் பங்களாக்களிலும் பாண் அன்றாட உணவாயிற்று. கிராமத்தவருக்கு அது காய்ச்சல் வந்தால் வாங்கும் பண்டம். சோற்றை விலக்கச் சொன்ன வைத்தியர் பாணும் தேத்தண்ணீரும் கொடுக்கச் சொல்வார். ஆகவே, பிள்ளைகளுக்குப் பாண் உண்ண ஆசை வந்தால் காய்ச்சலுக்கு ஏங்க வேண்டும்.

இந்தச் சூழலில் பாண் புடிங்கின் குலம் தலைகீழாயிற்று. இங்கிலாந்தில் சிக்கனத்தின் பிள்ளையாகவும் இருந்த பண்டம் இலங்கையில் சீமானின் பிள்ளையாகவே வந்திறங்கியது. யோசித்துப் பார்த்தால் காரணம் எளிது. யாழ்ப்பாணத்துக் குடும்பமொன்றில் பாண் மிஞ்சுவதே அரிது. மிஞ்சினாலும் அதனோடு சேர்க்க முட்டை வேண்டும், பால் வேண்டும், சீனி வேண்டும், வெண்ணெய் வேண்டும், சுடுவதற்குப் போறணை வேண்டும். அரை றாத்தல் பாணைக் காப்பாற்ற அதனைப்போல் பல மடங்கு செலவிடும் சிக்கனத்தை நம் பாட்டிமார் ஏற்கவில்லை. அவர்கள் அதை மாட்டுக்கோ கோழிக்கோ போட்டனர். அவை பாலாகவும் முட்டையாகவும் திருப்பிக் கொடுத்தன. அதுவும் ஒரு வகைப் பாண் புடிங்தான்.

ஆகவே அது பங்களாவிலும், நெடுஞ்சாலை விடுதிகளிலும், பறங்கியர் வீடுகளிலும் வாழ்ந்தது. பங்களாச் சமையற்காரர்களே அதை ஊருக்குக் கொண்டுவந்த தூதர்கள் என்பது என் எண்ணம். துரைசாணி சொல்லிக்கொடுத்ததை அவர்கள் தம் கைப்பக்குவத்துக்கு மாற்றினர். கறுவாவும் ஏலமும் சாதிக்காயும் இந்நாட்டுக் கொல்லையிலேயே இருந்தன. 1929இல் ஹில்டா டியூட்ரம் தொகுத்த 'சிலோன் டெயிலி நியூஸ்' சமையல் நூல் வெளியானது. உள்ளூர்க் கறிகளும் ஐரோப்பிய இனிப்புகளும் ஒரே அட்டைக்குள் இருந்த அந்நூல், ஆங்கிலம் படித்த நடுத்தர வகுப்பாரின் அடுக்களைக்குத் துணைப் பாடநூலாயிற்று. ஒரு பத்திரிகை நிறுவனம் அரசாங்கங்களைக் கவிழ்த்ததைவிட ஒரு சமையல் நூலால் நாட்டை அதிகம் மாற்றியிருக்கலாம் என்று நண்பர்களிடம் நான் சொல்வதுண்டு.

முட்டையும் பாலும் கூட்டி ஆவியில் இறுக வைக்கும் இனிப்பு இந்நாட்டுக்குப் புதிதுமன்று. மலாயர் வழிவந்த வட்டிலப்பம், தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் முட்டையும் ஏலமும் சேர்ந்து முஸ்லிம் வீடுகளின் பெருநாட் பண்டமாக ஏற்கனவே இருந்தது. வட்டிலப்பம் அவிக்கத் தெரிந்த கைக்குப் பாண் புடிங் ஒரு நாட் பாடம். போறணை இல்லாத வீட்டார் புடிங்கை ஆவியில் வைத்து எடுக்கக் கற்றது இப்படியே இருக்க வேண்டும். துணிந்தவர்கள் சட்டியின் மூடிமேல் சிரட்டைத் தணலைப் பரப்பி, கீழும் மேலும் சூடு கொடுத்துச் சுட்டனர்.

பாண் பங்களாவிலிருந்து தெருவுக்கு இறங்கியது போரினால். இந்நாட்டின் அரிசியில் பெரும்பகுதி பர்மாவிலிருந்து வந்துகொண்டிருந்தது. 1942 மார்ச்சில் ரங்கூன் யப்பானியரிடம் வீழ்ந்தது. ஏப்ரல் 5ஆம் நாள் கொழும்பிலும் 9ஆம் நாள் திருகோணமலையிலும் குண்டுகள் விழுந்தன. குண்டுகளைவிட அரிசிக் கப்பல் வராமற் போனதே பெரிய அடி. அரிசி பங்கீட்டுக்குள் வந்தது. குறையை நிரப்பக் கோதுமை மா வந்தது. சோறே உணவு, மற்றதெல்லாம் நொறுக்குத்தீனி என்று வாழ்ந்த கிராமங்கள் பாண் உண்ணப் பழகின. போர் முடிந்தது, பழக்கம் முடியவில்லை. மலையகத் தோட்டங்களில் கோதுமை மா ரொட்டி தொழிலாளரின் அன்றாட உணவாக நிலைத்தது.

அதன்பின் இந்நாட்டின் அரசியலைச் சோற்றுக்கும் பாணுக்கும் இடையிலான ஊஞ்சல் என்றே எழுதலாம். 1953இல் நிதியமைச்சர் ஜே.ஆர். ஜயவர்த்தனா, பங்கீட்டு அரிசியின் விலையைக் கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தினார். பள்ளிப் பிள்ளைகளின் இலவச மதிய உணவும் நின்றது. ஓகஸ்ட் 12 ஹர்த்தாலில் நாடு ஸ்தம்பித்தது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். மறு ஆண்டு அமெரிக்கா தன் மிகைத் தானியத்தை உதவியாக அனுப்பும் பி.எல். 480 சட்டத்தை இயற்றிற்று. பின்வந்த காலத்தில் அதன்வழி கோதுமை மா இங்கும் வந்தது. அமெரிக்க உழவனின் மிச்சம் நம் காலைச் சாப்பாடாயிற்று என்று சொன்னால் மிகையில்லை; மிச்சத்தை வைத்து ஒரு பண்டம் செய்வது வீட்டு அடுக்களையின் கலை மட்டுமன்று.

1970களை மறந்தவர் இலர். 1972இல் சோவியத் ஒன்றியம் உலகச் சந்தையில் பெருந்தொகைத் தானியம் வாங்கியது. 1973இல் எண்ணெய் விலை ஏறியது. கோதுமை விலை பல மடங்காயிற்று. சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசாங்கத்திடம் வெளிநாட்டுச் செலாவணி இல்லை. அரிசிப் பங்கீடு சுருங்கியது, சீனி சுருங்கியது, மா சுருங்கியது. விடியுமுன் பேக்கரி வாசலில் வரிசை நின்றது. இறக்குமதித் தடையால் மிளகாயும் வெங்காயமும் செய்த யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரரின் கையில் காசு புழங்கியது என்பது உண்மை. அந்த உண்மையை மட்டும் சொல்லி அக்காலத்தைப் பொற்காலமாக்குவோர் மலையகத்தைப் பாராதவர். காணியில்லாத, மரவள்ளி நடவும் நிலமில்லாத தோட்டத் தொழிலாளருக்கு மா குறைந்தால் மாற்று எதுவுமில்லை. 1974இல் தோட்டப்புறங்களின் இறப்பு வீதம் கடுமையாக உயர்ந்தது; அது அரசாங்கத்தின் சொந்தப் புள்ளிவிவரங்களிலேயே பதிவாகியிருக்கிறது. பட்டினியால் நகரங்களுக்கு இறங்கி வந்து கையேந்தியோரைப் பற்றி அக்காலப் பத்திரிகைகள் எழுதியதைவிட எழுதாது விட்டதே கூடுதல். மிஞ்சிய பாண் என்ற சொல்லுக்கே அன்று அவ்வீடுகளில் பொருளில்லை. பாண் புடிங்கின் சரித்திரம் எழுதுகிறவன் அது செய்யப்படாத ஆண்டுகளையும் எழுத வேண்டும்.

1977இல் ஆட்சி மாறியது, கதவுகள் திறந்தன. சிங்கப்பூரின் பிரிமா நிறுவனத்தோடு உடன்பாடு கண்டு திருகோணமலையில் அமைத்த மா ஆலை 1980இல் இயங்கத் தொடங்கியது. ஒரே இடத்தில் அமைந்த உலகின் மிகப் பெரிய மா ஆலைகளுள் ஒன்று என்று அதைச் சொல்வர். அதுவரை பெரும்பாலும் மாவாக வந்தது இனிக் கோதுமையாக வந்து இங்கே அரைபட்டது. கோதுமை மட்டும் இன்னும் கடல் கடந்தே வருகிறது. ரின்பால் தாராளமாயிற்று, முட்டை தரும் கோழிப் பண்ணைகள் பெருகின, மின்போறணை நடுத்தர வீடுகளுக்குள் நுழைந்தது. பாண் புடிங் நம்மவரின் பிறந்தநாள் மேசைக்கு வந்தது இந்த ஆண்டுகளில்தான்.

1994 தேர்தலில் சந்திரிகா குமாரதுங்கவின் அணி ஒரு றாத்தல் பாணை 3 ரூபா 50 சதத்துக்குத் தருவதாகச் சொல்லி வந்தது. அந்த விலையை இன்று சிறுவர்களிடம் சொன்னால் கட்டுக்கதை என்பர்.

வடக்கின் பாணுக்குத் தனிக் கதை உண்டு. யாழ்ப்பாணத்தில் பேக்கரி நடத்தியவர்களுள் தெற்கிலிருந்து வந்த சிங்களவர் பலர் இருந்தனர். ஊரோடு ஒட்டி, தமிழ் பேசி, கடனுக்குப் பாண் கொடுத்து வாழ்ந்தவர்கள். 1977, 1983 வன்செயல்களின் பின்னர் தெற்கிலிருந்து தமிழர் வடக்கே ஓடிவர, இவர்கள் வடக்கிலிருந்து தெற்கே போயினர். போறணைகள் கை மாறின. பின்னர் விடுதலைப் புலிகளின் காலத்தில் தனித்தமிழ்ப் பெயர்கள் வந்தபோது பேக்கரி 'வெதுப்பகம்' ஆயிற்று. அழகிய சொல், பெயர்ப்பலகைகளில் நிலைத்தும் விட்டது. பாணை 'வெதுப்பி' ஆக்கும் முயற்சி மட்டும் கைகூடவில்லை. வாய் பாண் என்றே கேட்டது. 2006 ஓகஸ்ட் 11இல் முகமாலையில் சண்டை மூண்டு ஏ9 வீதி மூடப்பட்டபோது குடாநாடு கப்பலில் வரும் மாவை நம்பியிருந்தது. பேக்கரி வாசல்களில் 1970களின் வரிசை மீண்டும் நின்றது, இம்முறை ஊரடங்குக்கும் துப்பாக்கிகளுக்கும் நடுவில்.

செய்முறை கேட்போருக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். அரை றாத்தல், அதாவது ஏறத்தாழ 225 கிராம், முந்திய நாட் பாண். அச்சுப் பாணைவிடக் கரை முறுகிய ரோஸ்ற் பாண் எனக்குப் பிடிக்கும். கரையை வெட்டி எறிவோர் அதன் சுவையையே எறிகின்றனர். துண்டுகளில் வெண்ணெய் தடவிக் கிண்ணத்தில் அடுக்க வேண்டும். அரை லீற்றர் பாலை இளஞ்சூடாக்கி, 3 முட்டையும் 100 கிராம் சீனியும் சிட்டிகை உப்பும் அடித்து அதனோடு கலந்து, ஏலமோ சாதிக்காயோ தூவி, பாண்மேல் ஊற்றி அரை மணித்தியாலமாவது ஊறவிட வேண்டும். இந்த அரை மணித்தியாலத்தைக் களவாடுவோரின் புடிங் நடுவில் வறண்டிருக்கும். பிளம்ஸும் கஜுவும் இடையிடையே. ரின்பால் சேர்த்தால் சீனி வேண்டாம். தேங்காய்ப்பாலில் செய்வோர் முதற்பாலைக் கொதிக்கவிடாது சேர்ப்பர், சீனிக்குப் பதில் கருப்பட்டி இடுவர். போறணையாயின் 160 முதல் 170 பாகையில், கிண்ணத்தைச் சுடுநீர்த் தட்டில் இருத்தி, முக்கால் மணித்தியாலம். நீர்த் தட்டு ஏன் என்றால் முட்டை 80 பாகையை அண்டியே இறுகிவிடும். அதற்கு மேல் போனால் திரிந்து நீர் விடும். ஆவியில் வைப்போர் மூடியிலிருந்து நீர் சொட்டாதபடி துணி கட்ட வேண்டும். நடுவில் ஈர்க்குக் குத்திப் பார்த்து, அது ஒட்டாது வந்தால் இறக்கலாம். சூட்டோடு உண்பது ஆங்கில வழக்கம். ஆறவைத்து மறுநாள் உண்பது நம் வழக்கம். இதில் நான் நம்மவர் பக்கம்.

இப்பொழுது நம் தெருக்களில் முச்சக்கர வண்டியில் பாண் வருகிறது. பேத்தோவன் 1810இல் எழுதிய 'எலிசுக்காக' என்ற பியானோ இசையை ஒலித்துக்கொண்டு வரும் அந்த வண்டியைச் சூன் பாண் என்பர். ஜேர்மனியின் இசை மேதையின் பெயரை அறியாத பிள்ளைகளும் அந்த இசை கேட்டால் பணிஸ் கேட்டு அழும். 2022இல் சில மாதங்கள் அந்த இசையும் குறைந்தது. ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாது என்று அரசாங்கம் அறிவித்தது. உக்ரேன் போரினால் கோதுமை விலை ஏறியிருந்தது; மே மாதத்தில் இந்தியா கோதுமை ஏற்றுமதியைத் தடைசெய்தது. எரிவாயு இல்லாது பேக்கரிகள் பல மூடப்பட்டன. விறகுப் போறணையை இடிக்காமல் வைத்திருந்தவர் புத்திசாலியானார். பால்மாவுக்கு வரிசை. கோழித் தீன் இல்லாததால் பண்ணைகள் நொடித்து முட்டை விலையும் எட்டாத உயரத்துக்குப் போயிற்று. 2023இல் அரசாங்கம் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்து அதை முதலில் பேக்கரிகளுக்கே கொடுத்தது.

அந்த ஆண்டுகளிலும் வீடுகளில் பாண் புடிங் செய்தனர். முட்டையில் ஒன்றையோ இரண்டையோ குறைத்து, ஒரு மேசைக்கரண்டி சோள மாவைப் பாலில் கரைத்து ஊற்றினர். வெண்ணெய்க்கு மாஜரின், பிளம்ஸுக்கு வாழைப்பழம். புடிங் இறுகியது, வழமையைவிடச் சற்றுக் கூடுதலாகவே.